ஏழு நிமிஷத்துக்கு இரண்டு பக்கம்

வேலை நாளில் அக்கா காலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டாள். எழுந்ததும் ஒரு டம்ளர் டீ, அத்தோடு சரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மடக்கு. விக்கல் வந்தால் மூன்று. சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போய், செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். காய்ந்து வெடித்த மண்ணுக்கு ஊற்றுகிற மாதிரி கடகடவென்று இறங்கும். இன்னொரு செம்பு. அப்புறம்தான் பேச்சு வரும்.

சட்டை தைக்கிற கம்பெனி. பதினாறு வருஷமாக அங்கே அக்காவின் வேலை காலர் வைப்பது. ஒரு லைனுக்கு நாற்பத்திரண்டு மெஷின். நாற்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து லைன் தலைப்பில் ஒரு ஆணி, அந்த ஆணியில் ஒரு சிவப்பு அட்டை. கழிப்பறைக்குப் போகிறவள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். அட்டை ஆணியில் இல்லையென்றால் அது திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்கவேண்டும். போய்வர ஏழு நிமிஷம். கழுத்தில் விசில் தொங்குகிற சூப்பர்வைசர் நோட்டில் நேரம் குறிப்பான். அவனுக்குப் பேரே விசில்தான். மாதத்தில் மூன்று தடவை ஏழு நிமிஷம் தாண்டினால், டீ இடைவேளையில் அட்டையோடு லைனுக்கு முன்னால் நிற்கவேண்டும். மற்றவர்கள் டீ குடிப்பார்கள். நிற்கிறவள் மற்றவர்கள் குடிப்பதைப் பார்ப்பாள்.

வீட்டில் மூன்றே பேர். அக்கா, எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் பட்டாணி, அக்காவின் தங்கை. அக்காவின் புருஷன் லாரியோடு போனவன். லாரி மட்டும் மாதம் ஒருமுறை தெரு வழியாக வந்து போகிறது, வேறு ஆள் ஓட்டிக்கொண்டு. தங்கைதான் அந்த வம்சத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அக்கா வைத்த காலர்களை வரிசையாகத் தைத்துக்கொண்டே போனால் கடைசியில் டீச்சரின் பட்டம் வரும். அது டீச்சருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவள் எப்போதும் யார்மேலாவது கோபமாக இருந்தாள்.

அந்த வருஷம் பாடப் புத்தகத்தில் புதிதாக ஒரு பாடம் சேர்த்திருந்தார்கள். மனித உரிமைகள், மாற்றுக் கருத்தை மதித்தல். பன்னிரண்டு பக்கம். படங்களில் எல்லாரும் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாடம் முடிந்ததும் ஒரு பட்டிமன்றம் நடத்தவேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சிறப்பு விருந்தினராகக் கம்பெனியின் நல அதிகாரி வருவார். வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு பாதி கம்பெனி கொடுத்தது.

"தலைப்பு என்ன வெக்கலாம்?" என்றார் தலைமையாசிரியை. "மரம் நடுதல் அவசியமான்னு ஏதாவது..."

"மரம் வேணாங்க மேடம்," என்றாள் டீச்சர். "வேலை நேரத்துல கழிப்பறைக்குப் போகக் கட்டுப்பாடு தேவையா, தேவையில்லையா."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "இது நல்லாவா இருக்கு?"

"நிர்வாகத்துப் பக்கமும் பேசுவாங்க மேடம். ரெண்டு பக்கமும் உண்டு."

இரண்டு பக்கமும் உண்டு என்றதும் அவருக்கு நிம்மதி. டீச்சருக்கோ தான் ஏதோ பெரிய வீரம் செய்துவிட்ட மாதிரி உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வகுப்பில் தானாக ஒரு விதியும் போட்டாள். யாரும் தன் வீட்டுப் பக்கம் பேசக்கூடாது. மெஷினில் உட்காருகிறவர்களின் பிள்ளைகள் கம்பெனிக்காகப் பேசவேண்டும். ஆபீஸர், சூப்பர்வைசர் பிள்ளைகள் தொழிலாளிகளுக்காகப் பேசவேண்டும். எதிராளி சொல்வதை நம் வாயால் சொல்லிப் பார்த்தால்தான் அவன் கருத்து நமக்கு விளங்கும் என்பது அவள் கல்லூரியில் கற்றது. கற்றுக்கொடுத்தவர் குளிர்சாதன அறையில் கற்றுக்கொடுத்தார், வேண்டியபோது எழுந்து போய்வந்தார்.

பட்டாணி கம்பெனிப் பக்கம் விழுந்தாள். விசிலின் மகள் தொழிலாளிப் பக்கம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்கு மேலே பட்டாணி கத்திப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். டீச்சர் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா நனைந்து வந்து, இரண்டு செம்பு தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நேரம் என்பது பொன் போன்றது. ஆகவே தொழிலாளர்கள்..."

"என்னடி இது?"

"பட்டிமன்றம்மா. நான் கம்பெனிப் பக்கம். டாய்லெட்டுக்குக் கட்டுப்பாடு தேவைன்னு பேசணும்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை முட்டையைப் பார்த்தாள்.

"யாரு வெச்ச தலைப்பு?"

"சித்தி. ஸ்கூல்ல டீச்சர்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் அவளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். "அடிப்பாவிங்களா! சரி, எந்திரி. நேரம் பொன்னுன்னு எந்த விசிலு பேசுறான்? அவன் எப்படிப் பேசுவான் தெரியுமா?" எழுந்து, ஈரத் துண்டைச் சுருட்டிக் கழுத்தில் விசில் மாதிரி மாட்டிக்கொண்டாள். வயிற்றை முன்னால் தள்ளினாள். "ஏம்மா, மகாராணி! காலையில வீட்டுலயே முடிச்சிட்டு வரமாட்டியா? உன் ஒண்ணுக்குக்காக ஏற்றுமதி நிக்குமா? கப்பல் காத்திருக்குமா? கப்பல் கேப்டன்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும், எங்க காலர் அம்மா உள்ளார இருக்காங்கன்னா?"

பட்டாணி தரையில் உருண்டாள். டீச்சரும் கரண்டியோடு சிரித்தாள்.

"அப்புறம் சொல்லு, ஏழு நிமிஷம் ஏன்னு. கணக்கு வெச்சிருக்கான். போக ரெண்டு, வர ரெண்டு, உள்ள மூணு. உள்ள மூணுக்கு மேல ஆனா அது ஒண்ணுக்கு இல்லியாம், அரட்டையாம்."

"மாசத்துல அந்த நாளுன்னா?" என்று கேட்டாள் பட்டாணி.

அக்கா கழுத்திலிருந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். "அந்த நாளும் ஏழுதான். கடிகாரத்துக்கு என்ன தெரியும்? சரி, முட்டை தீயுது பாரு. படிச்ச டீச்சருக்கு முட்டை திருப்பத் தெரியல."

அன்றைக்கு மூவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் டீச்சரை ஏமாற்றியது. அக்காவுக்கு இதில் வருத்தமில்லை என்று எடுத்துக்கொண்டாள். கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டிமன்ற நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. விசிலின் மகள் முதலில் பேசினாள். பேச்சை அவள் அப்பனே எழுதிக் கொடுத்திருந்தான். மனித உரிமை மிக மிக முக்கியம், அது உயிரை விட மேலானது, அதைப் போற்றுவோம் என்று ஐந்து நிமிஷம் பேசினாள். அட்டை என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. பாவம், அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அடுத்து பட்டாணி. மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"நாப்பத்திரண்டு பேருக்கு ஒரு அட்டை போதும். எல்லாரும் ஒரே நேரத்துல போனா காலர் யாரு வெக்கிறது, கை யாரு ஏத்துறது, பட்டன் யாரு கட்டுறது? போக ரெண்டு நிமிஷம், வர ரெண்டு நிமிஷம், உள்ள மூணு நிமிஷம். நாலாவது நிமிஷம் அரட்டை. மூணு தடவை தப்பு பண்ணினா அட்டையோட முன்னால நிக்க வெக்கிறோம். அடிக்கிறோமா? இல்ல. சும்மா நிக்கத்தானே சொல்றோம்?"

மண்டபத்தில் சிரிப்பு. நல அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கணக்கு அவருக்குப் பழக்கப்பட்ட கணக்கு.

"நல்ல தொழிலாளி யாரு? காலையில இருந்து தண்ணி குடிக்காம இருக்கிறவங்கதான் நல்ல தொழிலாளி. எங்க வீட்டுல அப்படி ஒருத்தர் இருக்காங்க. பதினாறு வருஷமா ஒரு நாள்கூட அவங்க முன்னால நின்னதில்ல. நீர்க்கடுப்பு வந்து டாக்டர்கிட்டப் போனாங்க. நல்லாத் தண்ணி குடிங்கன்னாரு டாக்டர். டாக்டருக்கு ஏற்றுமதியப் பத்தி என்ன தெரியும்?"

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. நல அதிகாரியும் தட்டினார். பெற்றோர், டீச்சர்கள், மெஷினிலிருந்து அரை நாள் விடுப்பில் வந்திருந்த நான்கைந்து பெண்கள்கூட, எல்லாரும் தட்டுகிறார்களே என்று தட்டினார்கள். பேச்சுத் திறமைக்கு முதல் பரிசு பட்டாணிக்கு. கம்பெனி பேர் போட்ட தண்ணீர் பாட்டில்.

டீச்சர் மட்டும் தட்டவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன. தன் அக்காவின் வயிற்று வலிக்கு ஒரு மண்டபமே கை தட்டுகிறது, தட்ட வைத்தவள் தான்.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் யாரோ போனில் பிடித்திருந்த அந்தப் பேச்சு கம்பெனியில் எல்லார் போனுக்கும் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவர்கள் கையில் விழுந்தது. அவர்கள் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். தலையாட்டிக்கொண்டே கேட்ட நல அதிகாரிக்கு, தான் கேட்டது என்ன என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பதினாறு வருஷமாக வரிசைக்கு முன்னால் நிற்காதவள் லைனில் ஒருத்திதான். நோட்டைப் புரட்டினாலே போதும், யாரென்று தெரிந்துவிடும். அக்காவை மெஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு வெட்டுகிற மேஜைக்கு அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் நின்றுகொண்டே நூல் முனை வெட்டுகிற வேலை. சாயங்காலம் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மாணவி பேசியவை அனைத்தும் கற்பனையே, அப்படி ஒரு வழக்கம் கம்பெனியில் இல்லை. மகள், தாய், ஆசிரியை, மூன்று பேர் கையெழுத்து. போட்டால் திங்கள்கிழமை மெஷின். போடாவிட்டால் கேட்டுக்கு உள்ளேயே வரவேண்டாம்.

அன்று அக்கா தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்தாள்.

"கிழிச்சுப் போடுக்கா அத," என்றாள் டீச்சர். "என்ன தைரியம் இருந்தா பிள்ளைய பொய்க்காரின்னு எழுதச் சொல்வானுங்க! நாளைக்கே நான் போய்..."

"நீ போட்டி வெக்கிறதுக்கு முன்னாடி என்னக் கேட்டியா?"

"உன்னப் பத்தி இல்லக்கா. பொதுவா..."

"நாப்பத்திரண்டு பேருல நான் ஒருத்தி. அது யாருடி பொது?"



"அன்னிக்கு நீயும்தானே சிரிச்சே," என்றாள் டீச்சர், குரல் இறங்கி.

"சிரிச்சேன். எங்க லைன்ல தினமும் சிரிக்கிறோம். சிரிக்காட்டி அழுவணும், அழுதா ஏழு நிமிஷத்துல முடியாது. நாங்க சிரிக்கிறது வேற. அங்க கைதட்டினாங்களாமே! என் மக வாயால நான் அடக்கிக்கணும்னு சொல்ல வெச்சு, ஊரே கைதட்டுச்சாம். பக்கத்து மெஷின்காரி வந்து சொல்றா, உன் பொண்ணு பிரமாதமாப் பேசினான்னு. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கிறதுன்னு தெரியல."

"தப்புதான்க்கா."

"தப்பு சரியெல்லாம் உன் பாடம். நான் கையெழுத்துப் போடப்போறேன். நீயும் போடு."

"அக்கா!"

"என்ன அக்கா? என் கருத்துக்கு மதிப்பு கிடையாதா? அதத்தானே கிளாஸ்ல நடத்துற? உன் கோவத்துக்கு என் சோத்த எடுக்காத."

இதுவரை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த பட்டாணி கேட்டாள். "நான் பொய் சொன்னேனாம்மா?"

"இல்லடி."

"அப்புறம் ஏன்..."

"சாப்பிட்டுத் தூங்கு."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறை. வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்திருந்தது. தலைமையாசிரியை, நல அதிகாரி, எதிரே மூன்று பேர். டீச்சர் கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தாள். இரவெல்லாம் புரண்டு, இது அக்காவின் சோறு, அக்காவின் முடிவு என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி விழுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லம்மா," என்றார் தலைமையாசிரியை. "நீங்கதானே மாற்றுக் கருத்தை மதிக்கணும்னு பாடம் நடத்துறீங்க? நிர்வாகத்துக்கும் ஒரு கருத்து இருக்கு. அதையும் மதிச்சா முடிஞ்சுது."

விழுங்கியது தொண்டைக்கு வந்துவிட்டது.

"மேடம், காலர் ஒரு அங்குலம் வெக்கலாமா ஒண்ணரை வெக்கலாமாங்கிறது கருத்து. ரெண்டு பக்கமும் பேசலாம், நானும் மதிக்கிறேன். ஒருத்திக்கு முட்டிக்கிட்டு வருதுங்கிறது கருத்தா? அதுக்கு எதிர்ப்பக்கம்னு ஒண்ணு உண்டா? உண்டுன்னு பிள்ளைங்கள நம்ப வெச்சேனே, அதான் நான் பண்ணின கேவலம். இவங்க வயித்த மேடையில வெச்சு, எந்தப் பக்கம் நல்லாப் பேசுறாங்கன்னு மார்க் போட்டோம். நீங்க போட்டீங்க, நான் போட்டேன், சார் பரிசு குடுத்தாரு!"

"உக்காரும்மா," என்றார் நல அதிகாரி. குரலில் கோபமே இல்லை. அவர் யார்மேலும் கோபப்படுகிறவர் இல்லை. அதற்குத்தான் விசில்கள் இருக்கிறார்களே. "உங்க அக்காவே ஒத்துக்கிட்டாங்க. நீங்க ஏன் கத்துறீங்க?"

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்து, "விடுடி," என்றாள்.

டீச்சர் உட்கார்ந்தாள்.

நல அதிகாரி தாளைப் பட்டாணி பக்கம் நகர்த்திப் பேனாவைத் திறந்து கொடுத்தார். "பாப்பா, முதல்ல நீ. இங்க."

பட்டாணி பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். கால் மேல் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தாள். காலையிலிருந்து பயத்தில் அவள் யாரிடமும் பேசவில்லை, எங்கும் போகவுமில்லை.

"சார், டாய்லெட் போயிட்டு வந்துரட்டுமா?"

"ரெண்டே நிமிஷம்தானே பாப்பா. கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் ஊறிப்போன பேச்சு, தானாக வந்தது. சொல்லிவிட்டு என்ன சொன்னோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பட்டாணி அடக்கிக்கொண்டு, கீழ்ப்படிந்து, தாள்மேல் குனிந்தாள்.

அக்கா மகள் கையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"நீ போயிட்டு வா."

"அம்மா, ரெண்டு நிமிஷம்னு சார்..."

"போடி. மெதுவாப் போயிட்டு மெதுவா வா."

பட்டாணி ஓடினாள். அக்கா நல அதிகாரியை நேராகப் பார்த்தாள். பதினாறு வருஷத்தில் அந்த மனிதரின் கண் என்ன நிறம் என்று அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"என்ன சொன்னா நான் கேட்டுக்குவேன் சார். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவ உங்க லைன்ல இல்ல."

"என்னம்மா இது, சின்ன விஷயம். நான் சாதாரணமா..."

"ஆமா சார். சாதாரணமாத்தான் சொன்னீங்க. நானும் இத்தன நாளு சாதாரணமாத்தான் அடக்கினேன். என்னோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். அவ குனிஞ்சா பாருங்க, என்ன மாதிரியே குனிஞ்சா." தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள். "எழுதுடி."

"என்ன எழுதக்கா?"

"நான் சொல்றத. நீயா எதையும் சேக்காத. உன் கோவத்த சேக்காத, எனக்கே போதுமான அளவு இருக்கு. எழுது. நாப்பத்திரண்டு பேருக்கு ஒரு அட்டை."

டீச்சர் எழுதினாள். அட்டை, ஆணி, ஏழு நிமிஷம், நோட்டு. அக்கா ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னாள், காலர் வைக்கும்போது முனை பிசகாமல் மடிக்கிற நிதானத்தோடு. முன்னால் நிற்க வைக்கப்பட்டவர்களில் ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பிணி என்று சொன்ன இடத்தில் டீச்சரின் பேனா நின்றது. இது அவளுக்கே தெரியாது. அவளும் கேட்டதில்லை.

"ஏன் நிறுத்திட்ட? எழுது."

நல அதிகாரி எழுந்தார். "இத எழுதிட்டு திங்கக்கிழமை வேலைக்கு வரலாம்னு பாக்குறீங்களா?"

"வருவேன் சார். எட்டு மணிக்கு கேட்டுல நிப்பேன். வேணாம்னா வேணாம்னு நீங்க எழுதிக் குடுங்க, எதுக்காக வேணாம்னும் எழுதுங்க. எங்ககிட்ட மட்டும் எழுதி வாங்குறீங்களே."

தலைமையாசிரியை வாயைத் திறந்து, யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

அக்கா தாளை வாங்கித் தன் பேரைப் போட்டாள். அடியில் தங்கை போட்டாள். அதற்குள் பட்டாணி ஈரக் கையை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அறையில் எல்லார் முகமும் மாறியிருப்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கினாள். அப்புறம் மேஜைக்கு வந்து பேனாவை எடுத்தாள்.

"எங்க போடணும்மா?"

"எடுத்தவுடனே போடாத," என்றாள் அக்கா. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காந்து முழுசாப் படி. நான் சொன்னதுல உனக்கு எதாவது தப்பாப் பட்டா சொல்லு. அப்புறம் போடலாமா வேணாமான்னு நீ முடிவு பண்ணு."

பட்டாணி உட்கார்ந்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்து, உதடு அசைய முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நல அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவசரப்படுத்த வாயெடுத்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.